கண்மாயைக் காத்தவர்களும் கண்மாய்க்கு உரியவர்களும்

பருவநிலை மாற்றம் பற்றிப் பேசுகிறவர்கள் இப்போது 'பாரம்பரிய அறிவு' என்ற சொல்லையும் சேர்த்தே பேசுகிறார்கள். 2015-ல் உலக நாடுகள் பாரிசில் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் 7-வது பிரிவு, மாறும் பருவத்துக்கு ஏற்பத் தகவமைத்துக்கொள்வதற்கு விஞ்ஞானத்தோடு பாரம்பரிய அறிவையும், பழங்குடி மக்களின் அறிவையும், உள்ளூர் அறிவையும் துணைக்கொள்ள வேண்டும் என்கிறது. அதற்கு முன்பே 2007-ல் ஐக்கிய நாடுகள் சபை பழங்குடி மக்கள் உரிமைகள் பற்றி ஒரு பிரகடனம் வெளியிட்டது. தங்கள் பாரம்பரிய அறிவைத் தாங்களே வைத்துக்கொள்ளவும், காக்கவும், வளர்க்கவும் அந்த மக்களுக்கு உரிமை உண்டு என்று அதன் 31-வது பிரிவு சொல்கிறது. இந்தியாவும் அதற்கு ஆதரவாகத்தான் ஓட்டுப் போட்டது.

நல்ல வார்த்தைகள்தான். ஆனால் இந்த வார்த்தைகள் நம்ம ஊருக்குள் இறங்கும்போது வேறு ஒன்றாகிவிடுகின்றன. 'முன்னோர் அறிவு', 'தமிழர் நீர் மேலாண்மை' என்று மேடையில் முழங்குகிறார்கள். எந்த முன்னோர்? எந்தத் தமிழர்? மடையைத் திறந்தவர் யார், கரையில் படுத்துக் கிடந்தவர் யார், அந்தத் தண்ணீரில் விளைந்ததை வண்டியில் ஏற்றிப் போனவர் யார் என்று கேட்டால் மேடையில் சத்தம் அடங்கிவிடுகிறது. சாதியைக் கழித்துவிட்டு அறிவை மட்டும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைத் திருப்பிப் பார்க்கிற ஒரு முயற்சி.

*

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் இருப்பதாக அரசுக் கணக்கு. வடக்கே ஏரி, தெற்கே குளம், எங்கள் சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் கண்மாய். பெயர்தான் வேறு, வேலை ஒன்றுதான். இரண்டு மூன்று மாதத்தில் கொட்டித் தீர்க்கிற வடகிழக்குப் பருவமழையைத் தேக்கி, ஒரு போகத்துக்கு ஓட்டுகிற ஏற்பாடு அது. மழைத்தண்ணீர் வரத்துக்கால் வழியாக வரும். கரை தேக்கும். மடை வழியாக வயலுக்குப் போகும். மிஞ்சியது கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். அங்கிருந்து அடுத்தது. இப்படிச் சங்கிலியாகக் கோத்திருப்பதால் ஒரு ஊரில் செய்கிற தப்பு பத்து ஊரைப் பாதிக்கும். மேலூர்க்காரன் கலுங்கை அடைத்தால் கீழூர் காயும். மேலூர்க் கரை உடைந்தால் கீழூர்க் கரையும் சேர்ந்து உடையும்.

இந்தச் சங்கிலியை நாள்தோறும் நின்று கவனித்தவர்களுக்கு ஊருக்கு ஊர் ஒரு பெயர் உண்டு. நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, கம்புகட்டி, மடைக்காரன், நீராணி. எல்லா ஊரிலும் தலித்துகள்தான் இதைச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வேறு சாதியார் செய்த ஊர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலான ஊர்களில் இது பள்ளர் அல்லது பறையர் குடும்பங்களின் பரம்பரை வேலை. வடமாவட்டங்களில் வெட்டியான், தோட்டி என்று ஊர்வேலை பார்த்தவர்கள் தலையிலேயே இதுவும் ஏறியது. எங்கள் தாத்தாவும் நீர்பாய்ச்சிதான்.

அந்த வேலையில் இருந்த அறிவு என்ன? ஈசல் பறந்தால் மழை, தட்டான் தாழப் பறந்தால் மழை, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் மழை என்கிற குறிப்புகளை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு இதுதான் கிராமத்து அறிவு என்கிறார்கள். அது ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. நீர்பாய்ச்சிக்குத் தெரிந்தது வேறு. கண்மாயில் இன்றைக்கு நிற்கிற தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும், எத்தனை வயலுக்குக் காணும் என்று மடைக்கல்லில் ஈரம் நிற்கிற உயரத்தைப் பார்த்துச் சொல்வார். எந்த வயல் மணல், தண்ணீர் நிற்காது. எந்த வயல் களிமண், நாலு நாள் தாங்கும். எது களர், தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது மனப்பாடம். பயிர் தூர்கட்டும்போது எவ்வளவு, பொதியில் இருக்கும்போது எவ்வளவு, எப்போது காயப்போடலாம் என்பதும் மனப்பாடம். பகலில் நிழலை அளந்தும் ராத்திரியில் வெள்ளியைப் பார்த்தும் முறைக்கணக்கை மாற்றுவார். கரையில் நண்டு வளையும் எலி வளையும் எங்கே இருக்கின்றன, எந்த இடத்தில் கசிவு தெளிவாக வருகிறது, எந்த இடத்தில் கலங்கலாக வருகிறது என்று பார்த்து வைப்பார். கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். அன்றைக்கு ராத்திரி அவருக்குத் தூக்கம் கிடையாது.

அடைமழைக் காலத்தில் கண்மாய் நிறைந்து நிற்கும்போது மடையைத் திறக்க வேண்டி வந்தால் உள்ளே முங்கித்தான் திறக்க வேண்டும். தூம்புக் குழியை அடைத்திருக்கிற கல்லையோ கட்டையையோ தண்ணீருக்கடியில் போய்த் தூக்க வேண்டும். தூக்கிய அந்த நொடியில் இழுக்கிற தண்ணீரோடு ஆளும் போய்விடலாம். போயிருக்கிறார்கள். மடைக்கருப்பு என்று எங்கள் பக்கத்தில் கும்பிடுகிற சாமிகளின் கதையைக் கேட்டுப் பாருங்கள். பல கதைகளில் மடையில் செத்த ஒரு ஆள் இருப்பார். உயிரோடு இருக்கும்போது ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க விடாதவனைச் செத்த பிறகு சாமியாக்கிக்கொள்வது இந்தச் சாதிச் சமூகத்துக்கு எளிது.

'மடையன்' என்கிற வசவு மடை திறந்தவனிடமிருந்து வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். அகராதி அதற்கு மடமை என்றுதான் வேர் காட்டுகிறது. இரண்டும் வேறு வேறு சொல்லாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் எங்கள் தெருவில் யாரும் அகராதியைப் பார்த்துக்கொண்டு வசவு வாங்கவில்லை. 'டேய் மடையா, தண்ணியத் தொறடா' என்று ஒரு சின்னப் பையன் என் தாத்தா வயது ஆளைப் பார்த்துக் கத்தும்போது அந்த இரண்டு சொல்லும் ஒன்றாகிப்போனது.

*

ஏரிகளின் வரலாறு எழுதுகிறவர்கள் தவறாமல் போய் நிற்கிற இடம் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் எடுத்ததை அவை சொல்கின்றன. அதில் ஏரி வாரியம் ஒன்று, 6 பேர் கொண்டது. ஆயிரம் வருடத்துக்கு முன்பே நம்மிடம் ஜனநாயகம் இருந்தது, நீர் நிர்வாகம் இருந்தது என்று பாடப்புத்தகம் பெருமைப்படுகிறது.

யார் அந்த வாரியத்தில் உட்கார முடியும் என்பதையும் அதே கல்வெட்டுத்தான் சொல்கிறது. வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் சொந்தமாக இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் ஓதத் தெரிந்தவனுக்கு அரைக்கால் வேலி நிலமே போதும் என்று ஒரு சலுகை வேறு. அது பிராமணர்களின் சபை. ஏரியில் இறங்கி மண் எடுத்தவனுக்கு அந்த ஓலைக் குடத்தில் பெயர் கிடையாது. அதே ஊர் வயிரமேகத் தடாகத்தில் வண்டல் எடுக்கப் பொன் வைத்துக் கொடுத்தவர்களின் பெயர் கல்லில் இருக்கிறது. வண்டலைத் தலையில் சுமந்தவர்களை எந்தக் கல்லில் தேடுவது?

தேடினால் வேறு இடத்தில் அவர்கள் கிடைக்கிறார்கள். இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் கணக்கைப் பார்க்கலாம். வரி போடாமல் கழித்த நிலங்களின் பட்டியலில் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்கிற வரிசையில் பறைச்சேரியும் கம்மாணசேரியும் வருகின்றன. தீண்டாச்சேரி என்கிற பெயரும் அந்தக் கணக்கில் உண்டு. குளமும் சேரியும் ஒரே பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. சோழர் காலத்து வரிகளில் 'வெட்டி' என்று ஒன்று வரும். அது காசில்லாமல் உழைத்துத் தீர்க்க வேண்டிய கடமை. ஏரி வேலை, வாய்க்கால் வேலை எல்லாம் அந்த உழைப்பில் நடந்தவை. இப்போது சம்பளமில்லாத வீண் வேலையை 'வெட்டி வேலை' என்கிறோம்.

நீர்பாய்ச்சிக்குக் கூலி எப்படிக் கிடைத்தது? சில ஊர்களில் கொஞ்சம் மானிய நிலம். மற்றபடி அறுப்பு முடிந்து களத்து மேட்டில் வயலுக்கு இத்தனை கட்டு, இத்தனை மரக்கால் என்று 'சுதந்திரம்'. செங்கல்பட்டுப் பகுதியில் 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்கிற வெள்ளைக்கார அதிகாரி எடுத்த கணக்குகளில், களத்திலேயே பிரித்துக் கொடுத்த இந்தப் பங்குகள் ஊர் ஊராகப் பதிவாகியிருக்கின்றன. இதைக் காட்டித்தான் 'பார்த்தீர்களா, வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பு எல்லோருக்கும் பங்கு இருந்தது' என்று சில அறிஞர்கள் நெகிழ்ந்து போகிறார்கள். பங்கு இருந்தது. வாங்குகிறவன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தள்ளி நிற்க வேண்டியும் இருந்தது. அதைக் கணக்கில் எழுதும் வழக்கம் இல்லை.

நீர்க்கட்டியின் நடுநிலைமையைப் பற்றியும் நிறையப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். நிலக்காரன் யாரும் தானே மடையைத் திறக்கக் கூடாது. நீர்க்கட்டிதான் திறக்க வேண்டும். அவனுக்கு ஆயக்கட்டில் நிலம் இல்லாததால் யார் பக்கமும் சாய மாட்டான், கடைமடை வரைக்கும் ஒழுங்காகத் தண்ணீர் போகும். இந்த விளக்கம் சரிதான். ஒருவனை நிலமற்றவனாக வைத்திருந்ததுதான் அந்த நியாயத்துக்கு அஸ்திவாரம். அவனுடைய வறுமையில் ஊரார் சண்டையில்லாமல் விவசாயம் பண்ணினார்கள். இதை மரபின் மேன்மை என்று நாம் கொண்டாட முடியுமா?

கண்மாய்த் தண்ணீரைத் திறந்தவனுக்குக் குடிதண்ணீர் துறையில் இறங்க அனுமதி இல்லை. 'தொறக்க நம்ம கை வேணும், மோக்க நம்ம கை ஆகாது' என்று எங்கள் பாட்டி சொல்லும். 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் பொதுத்தெரு, பொதுக்கிணறு, குளம் எல்லாம் எல்லோருக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாத் நகரில் சவுதார் குளத்துத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தார். நீரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மகாத்தைச் சமூக சீர்திருத்தக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். என் கணக்கில் அது நீர் நிர்வாக வரலாறு.

*

கும்பினி ஆட்சியும் அதற்குப் பின் வந்த ஆட்சியும் நில வரியில் கண்ணாக இருந்தன. ஏரியைப் பராமரிக்கிற செலவை ஊர் தலையில் போட்டன. ஊரே கூடி மராமத்துச் செய்வதுதான் பழைய வழக்கம் என்று அதற்குக் 'குடிமராமத்து' எனப் பெயர் சொன்னார்கள். 1858-ல் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. கரை உடைகிற அபாயம் வந்தால் சுற்றுவட்டாரத்தில் உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த திடமான ஆண்களை அழைத்து வேலை வாங்கலாம் என்றது அது. எல்லாக் குடிகளையும் அல்ல, உழைக்கும் வகுப்பை. குடிமராமத்தில் 'குடி' யார் என்பதை வெள்ளைக்காரன் சட்டமே போட்டு உடைத்துவிட்டது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருசப் பஞ்சத்தைப் பருவநிலை ஆராய்கிறவர்கள் இப்போது எல் நினோ என்கிற கடல் வெப்ப மாற்றத்தோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். பருவம் தவறியது உண்மை. ஆனால் பருவம் தவறியதும் முதலில் செத்தது நிலமில்லாத கூலிச் சனங்கள். நிவாரண வேலைக்குப் போனவர்களுக்கு 1877-ல் ரிச்சர்டு டெம்பிள் நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் என்று கூலியைக் குறைத்தார். மழை எல்லோருக்கும்தான் பொய்க்கிறது, சாவு மட்டும் சாதி பார்த்து வருகிறது. இன்றைய பருவநிலை மாற்றப் பேச்சுக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

1892-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமன்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க அரசு ஆணையிட்டது. பஞ்சமி நிலம் அது. பெரும்பகுதி பறிபோனது. அதை மீட்கப் போராடிய காரணையில் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் விட்டார்கள். தண்ணீரைக் காத்தவனுக்கு நிலம் இல்லாமல் போன கதை இப்படி இருக்க, 'நீர்க்கட்டி மரபு ஏன் அழிந்தது' என்று கருத்தரங்கம் நடத்துகிறார்கள்.

ஏன் அழிந்தது? பொதுப்பணித்துறை வந்தது. 1948-ல் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் வந்து ஜமீன் கண்மாய்கள் அரசுக்குப் போயின. 100 ஏக்கருக்கு மேல் பாய்கிற கண்மாய் பொதுப்பணித்துறைக்கும், அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியத்துக்கும் என்று பிரிந்தது. பம்புசெட்டு வந்தது. கிணறு வைத்திருந்த பெரிய நிலக்காரருக்குக் கண்மாய் தேவைப்படவில்லை. அவருக்குத் தேவைப்படாதபோது நீர்பாய்ச்சிக்குக் களத்தில் கட்டும் கிடைக்கவில்லை. இவையெல்லாம் காரணங்கள்தான்.

இன்னொரு காரணத்தைக் கருத்தரங்கத்தில் சொல்ல மாட்டார்கள். எங்கள் ஆட்களே அந்த வேலையை விட்டார்கள். பறையடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம், இழவு சொல்லப் போக மாட்டோம் என்று ஊர் ஊராக நிமிர்ந்தபோது, மடை பார்க்க மாட்டோம் என்பதும் அதில் சேர்ந்தே வந்தது. இராமநாதபுரம் கண்மாய்ச் சீமை. அதே சீமையில்தான் 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் தியாகி இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். மரியாதை கேட்டால் இந்த விலை என்றிருந்த மண்ணில், அடிமை வேலை என்று ஒன்றைத் தள்ளியபோது அதனுள் இருந்த அறிவும் சேர்ந்து போனது. எங்கள் அப்பா மண்வெட்டியைத் தொட மாட்டேன் என்று சொல்லிப் படிக்கப் போனார். அதில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. அந்த அறிவை மரியாதையோடு வைத்துக்கொள்ள ஒரு வழியை இந்தச் சமூகம் விட்டுவைக்கவில்லையே என்பதுதான் ஆத்திரம்.

*

2015 நவம்பர், டிசம்பரில் சென்னையும் கடலூரும் முங்கின. அடுத்த வருடம், 2016-ல், வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பல குளங்கள் உடைந்தன. பருவநிலை மாற்றம் என்றால் இதுதான். பெய்கிற நாள் குறையும், பெய்தால் ஒரேயடியாகக் கொட்டும், இடையில் காயும்.

ஏரிச் சங்கிலி என்பது இப்படிப்பட்ட மழைக்கென்றே செய்தது போன்ற ஏற்பாடு. கொட்டுகிற மழையை ஒரே இடத்தில் மோத விடாமல் படிப்படியாகத் தாங்கி இறக்கும். காய்கிற காலத்துக்கு நிலத்தடியில் சேர்த்து வைக்கும். ஆனால் சங்கிலியில் ஆள் இல்லாவிட்டால் அதுவே வெள்ளத்தைப் பெருக்கும். கலுங்கில் கட்டையடைத்து வைத்ததை எந்த நேரத்தில் எடுப்பது, மேலூரில் மறுகால் பாய்கிறது என்ற தகவல் வந்ததும் இங்கே எந்த மடையை முதலில் திறப்பது என்று ராத்திரி ரெண்டு மணிக்கு முடிவு எடுக்கிற ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத கரைதான் உடைகிறது.

பழைய குறிப்புகள் எல்லாம் இனிமேலும் பலிக்கும் என்று நான் மாயம் காட்டவில்லை. ஐப்பசி அடைமழை கார்த்திகைக்குத் தள்ளிப் போகிறது, சில வருடம் வருவதே இல்லை. தட்டானை நம்பி நாற்றுப் பாவ முடியாது. ஆனால் நாள்தோறும் கரையை நடந்து பார்ப்பது, இருக்கிற தண்ணீரை அளந்து பங்கு வைப்பது, கடைமடையை மறக்காமல் இருப்பது, மேலூரோடும் கீழூரோடும் பேசிக்கொண்டே இருப்பது ஆகிய முறைகள் பொய்க்காது. வானிலை நிலையத்தின் எச்சரிக்கை செல்போனில் வருகிற காலத்தில் அந்த முறைக்கு வலு கூடத்தான் செய்யும்.

அரசும் இதை உணர்ந்தது போலத்தான் தெரிந்தது. 2017 மார்ச்சில் 'குடிமராமத்து' என்ற பழைய பெயரையே தூக்கி 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளைத் தொடங்கினார்கள். பாசனதாரர் சங்கம் பத்தில் ஒரு பங்கைப் போட வேண்டும், வேலையை அந்தச் சங்கமே செய்யும் என்றார்கள். பாசனதாரர் யார்? 2000-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பாசன அமைப்புகளை விவசாயிகள் நிர்வகிக்கும் சட்டத்தைப் பாருங்கள். ஆயக்கட்டில் நிலப் பதிவு உள்ளவர்தான் சங்கத்தில் உறுப்பினர், அவருக்குத்தான் ஓட்டு. 921-ல் கால் வேலி, இப்போது பட்டா. வேதம் போய்விட்டது, நிலம் அப்படியே நிற்கிறது. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு இருபது பேர் தலித்துகள். அவர்களில் நிலமில்லாத பெரும்பான்மைக்குக் கண்மாய்க் கூட்டத்தில் நாற்காலி கிடையாது. கண்மாயில் நத்தை பொறுக்குகிற, அயிரை பிடிக்கிற, வல்லாரையும் ஆரக்கீரையும் பறிக்கிற, பஞ்ச காலத்தில் கொட்டிக்கிழங்கு தோண்டிப் பிள்ளைகளைக் காப்பாற்றிய எங்கள் பெண்களுக்கு நிச்சயமாகக் கிடையாது. தூர்வாரினால் எந்தப் பள்ளம் கோடையிலும் மீனைக் காப்பாற்றும் என்று அவர்களுக்குத் தெரியும். யாரும் கேட்பதில்லை.

அகத்தியமலைக் காணிக்காரர்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சையிலிருந்து மருந்து செய்தபோது, உரிமத் தொகையில் பாதியை அவர்களுக்கு ஒதுக்கினார்கள். அதிலும் குறைகள் உண்டு. ஆனாலும் அந்த அறிவு காணிக்காரர்களுடையது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். நீர்க்கட்டிக்கு அதுகூட இல்லை. அவன் அறிவு 'தமிழர் அறிவு' ஆகிவிட்டது, பழைய கூலியும் இல்லாமல்.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்து கிடந்தது. இந்த மண்ணில் நின்றுகொண்டுதான் பாரம்பரிய நீர் அறிவைப் பற்றிப் பேசுகிறோம்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது தெளிவு. கண்மாய் நிர்வாகத்தில் நிலமில்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் ஓட்டு வேண்டும். கரை காக்கிற வேலை சாதி வேலையாக இல்லாமல், எந்தச் சாதியாரும் சேரக்கூடிய, மாதச் சம்பளமும் காப்பீடும் உள்ள அரசு வேலையாக வேண்டும். அதில் இந்த அறிவை வைத்திருக்கிற முதியவர்கள் பயிற்சியாளர்களாகச் சம்பளம் வாங்க வேண்டும். மீன், மரம், வண்டல் ஏலத்தில் சேரிக்குப் பங்கு வேண்டும். அந்த அறிவைப் பதிவு செய்கிறவர்கள் சொன்னவரின் சம்மதத்தோடு, அவர் விரும்பினால் பெயரோடு பதிவு செய்யட்டும். பஞ்சமி நிலம் திரும்ப வேண்டும். ஆயக்கட்டில் நிலம் உள்ள நீர்பாய்ச்சி நடுநிலையாக இருக்க மாட்டான் என்று யாராவது சொன்னால், நிலம் உள்ள நீங்கள் எப்படிச் சங்கத் தலைவரானீர்கள் என்று திருப்பிக் கேட்போம்.

இதில் ஒன்றும் நடக்காமல் 'பழைய நீர்க்கட்டிகளைத் திரும்ப அழைப்போம்' என்று யாரும் ஊருக்குள் வந்தால், எங்கள் பிள்ளைகள் வர மாட்டார்கள். வரச் சொல்லவும் மாட்டோம்.